நூற்று நாற்பத்திரண்டு நாள் விருந்தாளி

ஒருவர் என்று போட்டுக்கொள்ளுங்கள் டீச்சர். ஆண் ஒன்று, பெண் இல்லை. பெயர் சாத்தையா, தகப்பனார் காத்தமுத்து. வயது எழுபத்து மூன்று முடிந்து நான்கு மாதம். படிப்பு ஐந்தாவது. மனைவி காலமாகிவிட்டாள். வேறு யாரும் இல்லை.

முடிந்துவிட்டதா? போன கணக்கெடுப்பில் அகலமான தாள் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். இப்போது கைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. நல்லதுதான். அந்தக் கைபேசியில் எனக்கு ஒன்று பார்த்துச் சொல்ல முடியுமா? பஞ்சவர்ணம் என்று ஒரு பெண். வயது நாற்பது நடக்கிறது. தகப்பன் பெயர் சாத்தையா. என் மகள்தான். எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை, பதினைந்து வருஷமாக. நாடு முழுக்க ஒரு வீடு விடாமல் எழுதுகிறீர்கள். எங்கேயாவது ஒரு கதவைத் தட்டி அவள் பெயரையும் எழுதியிருப்பார்கள் அல்லது எழுதப் போகிறார்கள். எந்த ஊர் என்று மட்டும் தெரிந்தால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம்.

பார்க்க முடியாதா? ஒருவர் பெயரை இன்னொருவருக்குக் காட்டக் கூடாது என்று சட்டமா? சரி. சட்டம் என்றால் சரிதான். கணக்கு எழுதுகிறவர்கள் அப்படித்தான் இருக்க வேண்டும். நானும் அப்படி இருந்தவன்தான்.

உட்காருங்கள் டீச்சர், வெயில் தாழட்டும். அடுத்த மூன்று வீடும் பூட்டுத்தான். நான்காவது வீட்டுக்காரி ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள், நாலரைக்கு முன்னால் வரமாட்டாள். எனக்குப் பேச வராது. எண்ணத்தான் வரும். உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் அதுவும் வராது. நான் பாட்டுக்கு வாசலைப் பார்த்துச் சொல்கிறேன், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

உங்கள் கைபேசியில் கூத்தனேந்தல் என்று வருகிறதா? வராது. மேலச்சிறுவயல் என்று வரும், அதற்குள் ஒரு தெருவைப் போல நாங்கள். முன்னால் அப்படி இல்லை. நாங்கள் தனி ஊராட்சி. சின்னதுதான், ஆனாலும் தனி. எங்களுக்கென்று தலைவர், எங்களுக்கென்று ஆபீஸ், எங்களுக்கென்று ரப்பர் முத்திரை. வரும் வழியில் கதவில்லாத கட்டடம் ஒன்று பார்த்திருப்பீர்கள், உள்ளே கருவேலம் முளைத்து ஜன்னல் வழியாகக் கிளை நீட்டியிருக்கும். அதுதான் ஆபீஸ்.

ஊரில் புள்ளிக் கணக்கு என் பொறுப்பு. நீங்கள் டவுனா? அப்படியானால் தெரிந்திருக்காது. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஊருக்கு ஒரு புள்ளி. புருஷன் செத்தவள் அரைப் புள்ளி. அய்யனாருக்குக் கிடா வெட்டினால் புள்ளிக்கு ஒரு பங்கு கறி, அரைப் புள்ளிக்கு அரைப் பங்கு. ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அன்றைக்கு யாராவது ஒருவருக்கு மண்டை உடையும். ஆகையால் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். அப்பாவுக்குப் பிறகு எனக்கு இருபத்தாறு வயதில் நோட்டைக் கொடுத்தார்கள். நான் புள்ளியோடு நிறுத்தவில்லை. பிள்ளை குட்டி எல்லாத் தலையையும் எழுதினேன். பிறந்தால் ஏற்றுவேன், செத்தால் அடிப்பேன். பெண்ணை வெளியூரில் கட்டிக்கொடுத்தால் தாலி ஏறிய அன்றைக்கே அவள் பெயரை அடிப்பேன். பெண் வீட்டார் எனக்கு வெற்றிலை பாக்கு வைத்து, ஒரு தலை குறைகிறது என்று சொல்ல வேண்டும். அது முறை. அதற்குப் பிறகு அவள் அந்த ஊர்க் கணக்கு.

பஞ்சவர்ணம் கல்யாணத்தில் வெற்றிலை வைத்தவனும் நான், வாங்கிக்கொண்டவனும் நான். இடது கையில் இருந்த தட்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். பந்தலில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, ரூல்தடி வைத்து நேராக ஒரு கோடு போட்டேன். மற்றவர்களுக்கு வெறும் கையாலேயே அடித்துவிடுவேன். அவளுக்கு மட்டும் ரூல்தடி. கோணலாகப் போய்விடக் கூடாது என்று.

சின்ன வயதில் அவள்தான் என்னோடு உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பாள். நான் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி வருவதற்குள் அவள் கீழே போய் நின்றுகொண்டு விடையைச் சொல்லிவிடுவாள். நான் தப்பென்பேன். மறுபடி கூட்டினால் அவள் சொன்னதுதான் வரும். எட்டாவது வரைக்கும் படித்தாள். அதற்கு மேல் டவுனுக்குப் போக வேண்டும், அனுப்பவில்லை.

கல்யாணமாகிப் போனவள் திரும்பி வந்தது புரட்டாசி பதினொன்று, திங்கட்கிழமை, சாயங்காலப் பஸ். இரண்டு பை. நான்கு வயசுப் பெண் குழந்தை, மதுமிதா. வர்ணத்தின் இடது கையில் மாவுக்கட்டு. வயிற்றில் இரண்டு மாதம். மருமகன் லோடு வேன் ஓட்டுகிறவர். நல்ல குடும்பம்தான். ஏதோ மனஸ்தாபம், எந்த வீட்டில் இல்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக என்னிடம் சொன்னாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. என் வீட்டுக்காரி நாச்சம்மாள் கேட்டாள். அடுப்படியில் வைத்து ரொம்ப நேரம் கேட்டாள். கேட்டுவிட்டு அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. என்ன சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை. பெண்கள் பேசுவதை விசாரிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பத்து நாளில் போய்விடுவாள் என்று நினைத்தேன். இருபது நாள் ஆனது. மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ஐப்பசி வந்தது, மழை வந்தது. குழந்தையைப் பால்வாடியில் விட்டாள். நாச்சம்மாளோடு மிளகாய்க் கொல்லைக்குக் களையெடுக்கப் போனாள். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம், மகள் எப்போது ஊருக்கு என்று கேட்பார்கள். விருந்துக்கு வந்திருக்கிறாள், போவாள் என்று சொல்லுவேன். அப்படியே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

கார்த்திகையில் கிடா வெட்டினோம். நூற்றுப் பத்தொன்பதரைப் பங்கு. எனக்கு ஒரு புள்ளி, ஒரு பங்கு. நான்தான் பிரித்துக் கொடுக்கிறவன், நான் ஒரு துண்டு கூட எடுக்கலாமா? அந்தக் குழந்தை பனை ஓலையில் இருந்த கறியைப் பார்த்துவிட்டு, இதில் என் பங்கு எது தாத்தா என்று கேட்டது. உன் பங்கு உங்கள் அப்பா ஊரில் இருக்கிறது என்று சொன்னேன். குழந்தைக்கு விளையாட்டாகச் சொன்னதுதான். வர்ணம் அன்றைக்குக் கறி சாப்பிடவில்லை. முழுகாமல் இருக்கிறவளுக்கு வாடை ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் ஊராட்சித் தலைவர், வழிவிட்டான் என்று பெயர், ஆபீஸில் கூட்டம் போட்டார். எனக்கு மருமகன் முறை, வயதில் சின்னவர், வாய் கொஞ்சம் அதிகம். கணக்கெடுக்க வரப் போகிறார்கள், ஐந்நூறு தலைக்கு ஒன்று குறைந்தாலும் நம்மை மேலச்சிறுவயலோடு சேர்த்துவிடப் போகிறார்களாம் என்றார். சேர்த்துவிட்டால் தண்ணீர் மோட்டார் சாவி அங்கே போய்விடும், குழாயைத் திறக்க அவர்கள் காலில் விழ வேண்டும், ரோட்டுக் குழியை மூட அவர்களிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்றார். அதனால் கேரளாவில் இருக்கிறவன், சிங்கப்பூரில் இருக்கிறவன் எல்லாரையும் வீட்டிலேயே இருப்பதாகச் சொல்லிவிடுங்கள் என்றார். கூட்டம் தலையாட்டியது.

நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவன் இல்லை. எல்லாரும் போன பிறகு அவரிடம் மட்டும் சொன்னேன், எழுத வருகிற வாத்தியார் வீடு காட்ட என்னைத்தான் கூப்பிடுவார், என்னிடம் கேட்டால் உள்ளதைத்தான் சொல்லுவேன் என்று. அவர் சிரித்தார்.

"மாமா, அரிச்சந்திரனுக்கு என்ன ஊராட்சியா மிஞ்சிச்சு? சுடுகாடுதானே மிஞ்சிச்சு."

நான் நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எழுத வந்தவர் ஜெபமாலை வாத்தியார். டவுன் பள்ளிக்கூடம். மூன்று நாள் அவரோடு நடந்தேன். மொத்தம் நூற்று முப்பத்தொரு வீடு. அந்த மூன்று நாளில் பதினோரு பெயரை எழுத விடாமல் செய்தேன். கேரளாவில் இஞ்சிக் காட்டில் இருந்த நாலு பேர் குடும்பம். சிங்கப்பூரில் கொத்து வேலை பார்த்த ஒருத்தன். செத்து இரண்டு வருஷமான ஒரு பெரியவர், ரேஷன் கார்டில் மட்டும் உயிரோடு இருந்தார். இப்படி. ராக்கம்மாள் என்னைப் பார்த்து, "அண்ணே, எம்மவன் பேரை வேண்டாங்கிறீகளே, அவன் என்ன செத்தா போனான்?" என்று கேட்டாள். செத்தான் என்று நான் சொல்லவில்லையே. இருக்கிற ஊரில் எழுதுவார்கள் என்றுதானே சொன்னேன். ஒருத்தனை இரண்டு ஊரில் எழுதினால் அது என்ன கணக்கு. வாத்தியாருக்கு என்மேல் ரொம்பப் பிரியம் வந்துவிட்டது. ஊருக்கு உங்களைப் போல ஒருவர் இருந்தால் என் வேலை பாதியாகிவிடும் என்றார். அன்றைக்கு எனக்கு அது பெரிய சந்தோஷம். இப்போதும் சொல்கிறேன், பதினொன்றில் ஒன்றுகூடத் தப்பில்லை.

கடைசி வீடு என் வீடு. மாசி நான்கு, புதன்கிழமை. காலை பதினொன்று இருபது. அதுவரைக்கும் ஊரில் நானூற்றுத் தொண்ணூற்றாறு.

வாத்தியார் இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார். சாத்தையா, நாச்சம்மாள் என்று இரண்டு பேரை எழுதினார். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. வர்ணம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தக் குழந்தை. வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். இவர்கள் யார் என்று கேட்டார்.

மகள், கட்டிக்கொடுத்தாயிற்று, விருந்துக்கு வந்திருக்கிறாள் என்றேன். எத்தனை நாளாக என்றார். நூற்று நாற்பத்திரண்டு நாள் என்றேன். எனக்குக் குத்துமதிப்பாகச் சொல்ல வராது.

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இவ்வளவு நாள் இருக்கிறவர்களை இங்கேதான் எழுத வேண்டும், அதுதான் விதி, அங்கே எழுதியிருக்க மாட்டார்கள் என்றார். இல்லை சார், போகப் போகிறவள் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார், நீங்கள் எங்கேயம்மா இருக்கிறீர்கள் என்று. அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். செம்பைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாசலைப் பார்த்தேன். அதற்குள் குழந்தை முன்னால் வந்து, யாரும் கேட்காமலே, "எம் பேரு மதுமிதா" என்றது. பால்வாடியில் அப்படிச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். வாத்தியார் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

"எழுதாதீக சார்," என்றேன். "அந்தப் பிள்ளை எங்க ஊர்க் கணக்கு இல்லை."

நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது டீச்சர். யோசித்துப் பாருங்கள். அடுத்தவர் வீட்டில் பதினோரு பேரை வேண்டாம் என்றுவிட்டு என் வீட்டில் இரண்டு பேரைக் கூட்டினால் ராக்கம்மாள் என்ன சொல்லுவாள்? ஊர் என்ன சொல்லும்? அது ஒன்று. இன்னொன்று, நானூற்றுத் தொண்ணூற்றெட்டும் இரண்டும் ஐந்நூறு. சரியாக ஐந்நூறு. எந்த ஊரிலாவது தலைக்கணக்கு அப்படி முழு எண்ணாக வருமா? அதுவரைக்கும் முப்பத்தொரு வருஷத்தில் என் நோட்டில் வந்ததில்லை. பார்க்கிறவன் எவனும், வேண்டுமென்றே இட்டுக்கட்டியது என்றுதான் சொல்லுவான். அதுவும் கடைசி வீட்டில், கணக்குப் பிள்ளை வீட்டிலேயே. என் பெயர் என்ன ஆவது? ஐந்நூற்றொன்று என்று வந்திருந்தால்கூட நான் யோசித்திருப்பேன்.

முறைப்படியும் இடமில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணைத் திரும்ப ஏற்றுகிற வழக்கம் எங்கள் நோட்டில் கிடையாது. பிழைக்கப் போய் வருஷக் கணக்கில் காணாமல் இருந்த ஆண்கள் திரும்பி வந்தபோது ஏற்றியிருக்கிறேன், ஏழு பேர். பெண்ணை ஏற்றியதில்லை. யாரும் ஏற்றச் சொன்னதும் இல்லை.

வாத்தியார் பேனாவை மூடினார். பிறகு தாளை மடித்தார். தண்ணீரைக் குடிக்காமலே போனார்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் வர்ணம் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் கணக்குக் கூட்ட உட்காருவாளே, அந்த மாதிரி. கோபமாகப் பேசவில்லை. அவளுக்குச் சத்தம் போட வராது, என் ரத்தம்தானே.

"அய்யா, நான் எந்த ஊருல இருக்கேன்?" என்றாள்.

உன் மாமனார் ஊரில் எழுதியிருப்பார்கள் தாயி என்றேன்.

"அங்க நான் இல்லையே."

இல்லாவிட்டாலும் கணக்கு அங்கேதான் என்றேன். புள்ளி முறையை எடுத்துச் சொன்னேன். அவளுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொன்னேன். தலைப்பிரசவம் நம் வீடு, இரண்டாவது அவர்கள் வீடு, அதனால் இந்த மாதக் கடைசிக்குள் நீ போய்த்தான் ஆக வேண்டும், நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் எழுந்திருக்கும்போது, "தொண்ணூத்தெட்டும் ரெண்டும் நானும் கூட்டிப் பார்த்தேன்யா," என்றாள். அவ்வளவுதான்.

பார்த்தீர்களா, அவளுக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று நாளும் இந்த வாசலில் வைத்து நான் வாத்தியாரிடம் சொன்ன தொகையை, கதவுக்குப் பின்னால் நின்று மனதில் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

நாலாம் நாள், மாசி எட்டு, ஞாயிற்றுக்கிழமை, நான் விடியற்காலையில் கொல்லைக்குப் போயிருந்தேன். நாச்சம்மாள் ஊருணிக்குப் போயிருந்தாள். வர்ணம் ஆறேமுக்கால் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அதே இரண்டு பை, அதே குழந்தை. வயிற்றில் ஏழு மாதம். புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. சொல்லாமல் போனது ஒன்றுதான் வருத்தம். நாச்சம்மாள் வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தாள், போட்டு அனுப்ப முடியவில்லையே என்று அழுதாள்.

மாசி பதினேழில் ஜெபமாலை வாத்தியார் மறுபடி வந்தார். இடையில் பிறந்தது செத்தது உண்டா என்று சரிபார்க்க வருவார்கள் அல்லவா, அதற்கு. என் வீட்டுக்கு முதலில் வந்தார். உங்கள் மகள் இருக்கிறாளா, இருந்தால் இப்போதுகூட எழுதலாம், அதற்காகத்தான் முதலில் வந்தேன் என்றார். போய்விட்டாள் சார், விருந்தாளி என்று நான் அன்றைக்கே சொன்னேனே என்றேன். சொன்னதை நிரூபித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பங்குனி பதினெட்டில் மருமகனும் அவர் அண்ணனும் வேனில் வந்து இறங்கினார்கள். பெண்டாட்டியை அனுப்ப உத்தேசம் உண்டா இல்லையா என்று வாசலில் நின்று கேட்டார்கள். அப்போதுதான் எங்களுக்குத் தெரியும், அவள் அங்கே போகவில்லை. நாற்பது நாள். அங்கே இருப்பதாக நாங்கள் நினைத்தோம், இங்கே இருப்பதாக அவர்கள் நினைத்தார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், கணக்கெடுக்க வந்தார்களே, அவளையும் குழந்தையையும் எழுதினீர்களா என்று. மருமகன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். வீட்டில் இல்லாதவளை எப்படி எழுதுவது, அப்பன் வீட்டில் இருக்கிறாள், அங்கே எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டோம் என்றார்.

இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அந்த வருஷம் நாட்டில் இத்தனை கோடிப் பேர் என்று பேப்பரில் போட்டார்கள். முழு எண்ணையும் போட்டிருந்தார்கள், ஒன்றாம் இடம் வரைக்கும். நான் அந்தப் பேப்பரை வாங்கி வைத்தேன். அந்தக் கணக்கில் இரண்டு குறைவு டீச்சர். வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

தனியாகப் போகிற பெண்ணுக்குத் திருப்பூரில்தான் வேலை கிடைக்கும் என்றார்கள், அங்கே மூன்று தடவை போனேன். பனியன் கம்பெனி வாசலில் ஷிப்டு விடுகிற நேரத்தில் நின்றால் வரிசையாக வருவார்கள். நான் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, இடது கையைக் கொஞ்சம் மடக்கி நடக்கிறவள் வருகிறாளா என்று பார்ப்பேன். ஒரு கேட்டில் ஒரு நாள் அறுநூற்றுப் பத்துப் பெண்கள் வந்தார்கள். எங்கள் ஊர் வேன்காரன் ஒருவன் அவளைப் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சொன்னான், இடுப்பில் கைக்குழந்தை, பக்கத்தில் ஒரு சிறுமி. கைக்குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டேன். அவன் கவனிக்கவில்லை. சித்திரைக் கடைசியில் பிறந்திருக்க வேண்டும். இப்போது வயது பதினைந்து. ஆணா பெண்ணா என்று தெரியாமல் எந்தப் பக்கம் எழுதுவது?

மறு வருஷம் ஊர் வாரியாகக் கணக்கு வந்தது. கூத்தனேந்தல், நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. என் நோட்டும் அரசாங்கமும் ஒன்று போல வந்தது. ஒரு தலை மாறவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வழிவிட்டான் வந்தார். ஆள் கூட்டிக்கொண்டு வரவில்லை, சத்தம் போடவில்லை. வாசப்படிக்கு வெளியிலேயே செருப்போடு நின்றார். எப்போதும் ஏதாவது கேலியாகச் சொல்லுகிறவர்.

"மாமா, ரெண்டு," என்றார்.

அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் இந்தத் தெருப் பக்கம் வந்ததில்லை. ஆபீஸ் போர்டைக் கழற்றி மேலச்சிறுவயலுக்குக் கொண்டுபோனார்கள். முத்திரையையும் வாங்கிக்கொண்டார்கள். மோட்டார் சாவி போனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர், பிறகு வாரம் ஒரு நாள். குடிமாறிப் போகிறவர்கள் போனார்கள். ஊரில் என்னை யாரும் ஏசவில்லை. அதைச் சொல்ல வேண்டும். கிடா வெட்டினால் இப்போதும் என்னைத்தான் பங்கு பிரிக்கக் கூப்பிடுகிறார்கள். கணக்கில் நான் பிசக மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

நாச்சம்மாளும் ஏசவில்லை. எப்போதும் என்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்கிறவள், கோழி எத்தனை, குடம் எத்தனை என்று. அதற்குப் பிறகு என்னிடம் எந்த எண்ணையும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது, நான் விசிறிக்கொண்டிருந்தேன், தூங்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"ஐநூறுன்னு வந்தா வந்துட்டுப் போகட்டுமே."

இரண்டு வருஷம் ஏதோ பேச வேண்டும் என்று வைத்திருந்து அதைத்தான் பேசியிருக்கிறாள். அதற்குப் பதினோராம் நாள் போய்விட்டாள். நான் அவளுக்கு அன்றைக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? அது முறையில்லையே என்று சொன்னேன். விசிறிக்கொண்டே சொன்னேன்.

இப்போது ஊரில் நூற்று எண்பத்தேழு பேர். நீங்கள் எழுதி முடித்துக் கூட்டிப் பாருங்கள், அதுதான் வரும். ஆனால் என் நோட்டில் நூற்றுத் தொண்ணூறு இருக்கிறது. மூன்று பேரை ஏற்றியிருக்கிறேன். பஞ்சவர்ணம் ஒன்று, மதுமிதா ஒன்று, அடுத்த வரியில் பெயர் எழுதாமல் ஒன்று. யாரிடமும் வெற்றிலை வாங்கவில்லை. இங்கே இல்லாதவர்களை எழுதக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? எழுதி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் தப்பாகத்தான் வருகிறது. அப்படியே வைத்திருக்கிறேன். இதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

நாலேகால் ஆகிவிட்டது, நீங்கள் புறப்பட வேண்டும். அவளை எங்கே என்று பார்த்துச் சொல்ல முடியாது, புரிந்துகொண்டேன். அதை மறுபடி கேட்க மாட்டேன். இது வேறு. உங்கள் கேள்விகளில், பிறந்த ஊர் எது என்று ஒன்று வருமாமே? ஜெபமாலை வாத்தியார் என்னிடம் கேட்டார், நினைவிருக்கிறது. திருப்பூரிலோ பல்லடத்திலோ, எங்கேயோ ஒரு லைன் வீட்டில், உங்களைப் போல ஒரு டீச்சர் அவளிடமும் அதைக் கேட்பார். அவள் கூத்தனேந்தல் என்று சொல்லுவாள். சொன்னால், அப்படி ஒரு ஊர் கைபேசியில் இல்லையே அம்மா, தப்பாகச் சொல்கிறீர்கள் என்று அந்த டீச்சர் சொல்லிவிடக் கூடாது. இரண்டாவது தடவை அவளுக்கு அது நடக்கக் கூடாது. உங்களுக்கெல்லாம் கூட்டம் நடக்கும் இல்லையா, பயிற்சி என்று ஒன்று வைப்பார்கள் இல்லையா, அங்கே எழுந்து நின்று இதை மட்டும் சொல்லிவிடுங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் அவள் சொல்லுகிற பெயரை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். கேட்டவுடன் அவள் பதில் சொல்ல மாட்டாள். எந்த ஊர் என்று கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் எதிரே இருக்கிறவர் முகத்தைப் பார்ப்பாள். அவசரப்படுத்த வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்கச் சொல்லுங்கள், அது போதும்.